துருப்பிடிக்காத கம்பி

நந்தினி மேடம் போனில் சிரித்து மெர்சி அதுவரை கேட்டதில்லை. எட்டு வருஷமாக அவரிடம் ஆராய்ச்சி மாணவியாக இருக்கிறாள். திட்டு வாங்கியிருக்கிறாள், "பார்க்கலாம்" வாங்கியிருக்கிறாள், எழுதிய அத்தியாயத்தை முழுசாகத் திருப்பி வாங்கியிருக்கிறாள். சிரிப்பு மட்டும் அன்றைக்குத்தான் கிடைத்தது.

"ரெண்டு எக்ஸாமினரும் ஓகே சொல்லிட்டாங்க மெர்சி! ஒருத்தர் மட்டும் சின்னதா ஒண்ணு கேட்டிருக்கார். நீ ஆர்க் போட்ட இரும்புக் கம்பி எவ்வளவு சுத்தம்னு ஒரு டெஸ்ட் ரிப்போர்ட் வேணுமாம். அதை அனுப்பிட்டா வைவாவுக்குத் தேதி குடுத்துடுவாங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான்! அந்த ஒரு வார்த்தைக்காக மெர்சி எத்தனை நாள் ஏங்கியிருப்பாள். பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பும் முடிகிற அன்று மாலை, ஓட்டமும் நடையுமாகப் போய் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தவள் அவள். இனி மாற்றி எழுத அவகாசம் கிடையாது. அவள் வேலை பார்க்கும் திருவள்ளூர்க் கல்லூரியிலும், டாக்டர் பட்டம் இல்லாத தற்காலிக ஆசிரியர்களை இந்த ஜூனோடு அனுப்பிவிடுவதாக முடிவு செய்திருந்தார்கள். பட்டம் வந்தால் வேலை நிற்கும். வராவிட்டால் இரண்டும் போச்சு. முப்பத்தாறு வயதில் மறுபடி முதலிலிருந்து தொடங்க அவளுக்குத் தெம்பு இல்லை, அதை அவளே ஒப்புக்கொள்வாள்.

அவள் ஆராய்ச்சியைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன், பயப்படாதீர்கள், சிக்கல் ஒன்றுமில்லை. சூரியன் சும்மா இருக்காது. திடீரென்று ஓர் இடத்தில் சீறி வெடிக்கும், அதை ஃப்ளேர் என்பார்கள். அந்த வெடிப்பின் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் கோடு கோடாகப் பிரகாசிக்கும். ஒவ்வொரு கோடும் அங்கே சூடேறிய ஏதோ ஓர் உலோகமோ வாயுவோ விடுகிற ஒளி. எந்தக் கோடு யாருடையது என்று தெரிந்தால்தான் வெடிப்பின் சூடு எவ்வளவு, எவ்வளவு ஆழம் இறங்கியது என்று கணக்குப் போட முடியும். மெர்சி இதை அவள் அப்பா அந்தோணியிடம் சொன்னபோது அவருக்குப் புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கும் ஆலையில் வேலை பார்ப்பவர் அவர்.

"நம்ம ஃபர்னேஸ்ல ஈரக் கழிவு வுழுந்துச்சுன்னா பொளேர்னு கக்கும் பாரு, அது மாரி!" என்றார்.

ஏறக்குறைய அது மாதிரிதான். நந்தினி மேடத்திடம் பல வருஷத்துக்கு முந்தைய ஒரு பெரிய ஃப்ளேரின் ஒளிப்பதிவு இருந்தது. அதன் நீலப் பகுதியில் மங்கலாக ஒரு கோடு. அது குரோமியத்தின் கோடு என்று எல்லோரும் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். மெர்சிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. கணக்குப்படி அதே இடத்தில் இரும்புக்கும் ஒரு கோடு வரவேண்டும், ஆனால் எந்த ஆய்வுக்கூடத்திலும் யாரும் அதைப் பார்த்ததில்லை. அது இரும்புதான் என்று காட்டிவிட்டால், வெடிப்பின் சூடு எல்லோரும் நினைத்ததைவிட ஆழமாக இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். காட்டுவதற்கு வழி ஒன்றுதான். சுத்த இரும்புக் கம்பிகள் இரண்டை எதிரெதிரே வைத்து, மின்சாரத்தால் ஆர்க் மூட்டி, அந்த வெளிச்சத்தில் அதே இடத்தில் அதே கோடு வருகிறதா என்று பார்க்கவேண்டும்.

கல்லூரியில் இருந்த கம்பிகள் எரிந்து எரிந்து பென்சில் துண்டாகியிருந்தன. புதுசுக்கு ஆர்டர் போட்டு, அது வரும் வரும் என்று உட்கார்ந்திருந்ததில் ஒரு வருஷம் ஓடிப்போனது. ஒருநாள் வீட்டில் சாப்பிடும்போது மெர்சி எரிச்சலில் புலம்பினாள், "நைனா, ஊரு பூரா இரும்பு கீது, எனக்கு ஒரு கம்பி கெடைக்கல."

அந்தோணி அதோடு சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். மகள் தன்னிடம் கேட்கக்கூடிய பொருள் ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறதே என்ற சந்தோஷம் அவருக்கு. அவருக்கு ஆலையில் வேலையே பழைய இரும்பைப் பிரிப்பதுதான். கையில் காந்தத்தோடு குவியல் குவியலாக நடப்பார். காந்தம் ஒட்டினால் இரும்பு, உலைக்குப் போகும். ஒட்டாவிட்டால் எவர்சில்வரோ பித்தளையோ, தனியாகப் போகும். அந்த முற்றத்தில் இதைவிட்டால் வேறு சட்டம் கிடையாது. அங்கே வேலைக்கு வரும் எல்லோருக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அதுதான்.

ஒரு வாரம் தேடிக் கடைசியில் ஒரு முழ நீளத்துக்கு ஒரு கம்பி கொண்டு வந்தார். அதை வெளியே எடுத்து வர மேனேஜரிடம் எழுதிக் கேட்டு கேட் பாஸ் வாங்கியிருந்தார். அங்கே வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஓர் ஆணியைக்கூடப் பையில் போட்டு வந்ததில்லை என்பது மனுஷனுடைய பெருமை.

"இத்தப் பாரு," என்று கம்பியை ஈரத் துணியால் துடைத்துக் காட்டினார். "மழையிலயும் வெயில்லயும் அந்தக் குப்பையிலயே கெடந்துது. பக்கத்துல கெடந்ததுலாம் துரு ஏறி உதுந்து போச்சு. இது ஒண்ணு மட்டும் பளபளன்னு அப்டியே கீது. கலப்படம் கீறதுதான் துரு புடிக்கும். இது சுத்த இரும்பு. ஒரு வேள எவர்சில்வரோன்னு நானே டவுட்டாயி காந்தத்த வெச்சுப் பாத்தேன். கப்புனு ஒட்டிக்கிச்சு!"

மெர்சியும் காந்தத்தை வாங்கி ஒட்டிப் பார்த்தாள். ஒட்டியது. மூன்று பேரும் சிரித்தார்கள். அவள் அம்மா கங்கம்மா அந்தக் கம்பிக்கு ஒரு சிலுவை போட்டுக் கும்பிட்டாள்.

அதை இரண்டாக அறுத்து மூட்டிய முதல் ஆர்க்கிலேயே நீலத்தில் அந்தக் கோடு வந்துவிட்டது. மெர்சி அன்றைக்கு ஆய்வுக்கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அதன் மேல்தான் மீதி வருஷங்களின் கணக்கு, வரைபடம், அத்தியாயம், ஆய்வேடு எல்லாம் ஏறி நின்றது.

இப்போது அந்தக் கம்பிக்கு ஒரு ரிப்போர்ட் வேண்டும். அதற்கென்ன, அந்தோணியின் ஆலையிலேயே லேப் இருக்கிறது. உருக்கிய இரும்பில் எது எவ்வளவு என்று பார்க்கும் இயந்திரமும் இருக்கிறது. அதுவும் மெர்சி செய்கிற வேலையைத்தான் செய்யும். உலோகத்தில் பொறி விட்டு, அந்த ஒளியைக் கோடுகளாகப் பிரித்து, எது எத்தனை சதவீதம் என்று சொல்லிவிடும்.

"நம்ம துளசிராமன் சாராண்ட சொல்லி வெச்சுக்கிறேன்," என்றார் அந்தோணி. "சனிக்கெழம வா. அஞ்சு நிமிஷ வேல."

சனிக்கிழமை காலை அவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கேட்டிலேயே நின்றார். மீதமிருந்த கம்பித் துண்டை மகள் கையிலிருந்து வாங்கி வாட்ச்மேனிடம் நீட்டினார்.

"இந்தக் கம்பிய வெச்சுத்தான் எம்பொண்ணு சூரியன்ல கீறத கண்டுபுடிச்சுது. அடுத்த மாசம் டாக்டரு!"

"டாக்டர்னா ஊசி போடுமா?" என்றான் வாட்ச்மேன்.

"ஊசி போடற டாக்டரு ஊருக்கு நூறு கீது. இது வேற!"

லேப்பில் துளசிராமன் மரியாதையாக நாற்காலி போட்டார். அந்தோணியைவிட வயதில் சின்னவர், பதவியில் பெரியவர். அந்தோணி உள்ளே வராமல் கதவுக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். துளசிராமன் கம்பியின் முனையை அரைத்துத் தட்டையாக்கி இயந்திரத்தில் பொருத்தி மூடினார். டர்ரென்று ஒரு சத்தம். திரையில் எண்கள் வரிசையாக விழுந்தன.

துளசிராமன் முகம் சுருங்கியது. கம்பியைத் திருப்பி வைத்து இன்னொரு முறை பொறி விட்டார். மறுபடி அதே எண்கள்.

"மேடம், இது சுத்த இரும்பு இல்ல. பதினாறு பர்சென்ட் குரோமியம் இருக்கு."

மெர்சிக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. "நல்லா பாருங்க சார். காந்தம் ஒட்டுது."

"ஒட்டும் மேடம். இது காந்தம் ஒட்டுற சாதி எவர்சில்வர். மத்ததுல நிக்கல் இருக்கும், அதனால ஒட்டாது. இதுல நிக்கல் கெடையாது. யார்டுல எல்லாரும் இதுலதான் ஏமாறுவாங்க. குரோமியம் இருக்கறதாலதான் துருவே புடிக்கல."

குரோமியம். எல்லோரும் சொன்ன குரோமியம். அது இல்லை என்று காட்டத்தானே எட்டு வருஷம்! கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தோணி கையைத் தூக்கி, என்னாச்சு என்று சைகையில் கேட்டார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டு சிரித்தார்.

துளசிராமன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கெட்டவர் இல்லை, பாவம், உதவி செய்கிறோம் என்றுதான் நினைத்தார். "மேடம், உங்களுக்கு வேண்டியது ஒரு ரிப்போர்ட்தானே? மெஷினை செட் பண்றதுக்குச் சுத்த இரும்புத் துண்டு ஒண்ணு வெச்சிருக்கோம். அதுல பொறி விட்டு உங்க பேர் போட்டுக் குடுத்துடறேன். எந்தக் கம்பின்னு யார் வந்து பாக்கப் போறா?"

ஆசை வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது, நன்றாகவே வந்தது. உண்மையிலேயே யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. ஆனால் மெர்சிக்கு அதற்கு முன்னால் வேறொன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. சுத்த இரும்பிலும் அந்தக் கோடு வந்துவிட்டால்? கம்பி தப்பாக இருந்தாலும் கோடு சரியாக இருந்துவிட்டால்?

"ரிப்போர்ட் வேணாம் சார். அந்த இரும்புத் துண்டை ரெண்டு நாள் குடுப்பீங்களா?"

தேய்ந்துபோன பழைய துண்டு ஒன்றைத் தேடி எடுத்து, அதை ஆர்க்குக்குத் தோதாக இரண்டாக அறுத்தும் கொடுத்தார். அப்பாவிடம் அவசரமாகக் கல்லூரிக்குப் போகவேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு மெர்சி பஸ் ஏறினாள். பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர் போய்ச் சேரும்வரை, "இருக்கணும் மாதாவே, இருக்கணும்" என்பதைத் தவிர அவள் மனசில் வேறு எதுவும் ஓடவில்லை.

ஆய்வுக்கூடத்தில் யாரும் இல்லை. முதலில் அப்பா கொடுத்த கம்பியில் ஆர்க் மூட்டினாள். அவளுடைய கேமராவில் பிரித்த ஒளியில் ஒரு நேரத்தில் கொஞ்சூண்டு இடம்தான் தெரியும். இத்தனை வருஷமும் அவள் நீலத்தைத் தாண்டியதேயில்லை. வேண்டியது அங்கேதான் இருக்கிறது என்று அங்கேயே உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு முதல் முறையாகக் கருவியின் திருகைச் சுற்றிப் பச்சைப் பகுதிக்குக் கொண்டு வந்தாள். மூன்று கோடுகள் நெருக்கமாக ஜொலித்துக்கொண்டிருந்தன. குரோமியத்தின் மூன்று பச்சைக் கோடுகள். எம்.எஸ்சி. படிக்கிற பிள்ளைகளுக்கு அவளே வருஷாவருஷம் கரும்பலகையில் போட்டுக் காட்டுகிற கோடுகள். ஒரே ஒரு தரம், ஒரே ஒரு தரம் இந்தத் திருகை இந்தப் பக்கம் சுற்றியிருந்தால்! தலையில் அடித்துக்கொள்ளவேண்டும் போலிருந்தது.

பிறகு சுத்த இரும்பை மாட்டினாள். நீலத்துக்குத் திருப்பினாள். இரும்பின் தெரிந்த கோடுகள் எல்லாம் அதனதன் இடத்தில் வந்தன. அவளுடைய கோடு இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. வெளிச்சத்தைக் கூட்டினாள். கேமராவை அதிக நேரம் திறந்து வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். துண்டுகள் எரிந்து தீர்கிறவரை பார்த்தாள். அங்கே ஒன்றுமே இல்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது கங்கம்மா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேசரி கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அந்தோணி அதே புதுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா, ரிப்போர்ட்டு அனுப்பிட்டியா? துளசிராமன் சாரக் கேட்டா, உங்க பொண்ணாண்டயே கேளுங்கன்னு சொல்லினு போய்ட்டாரு."

"நைனா, அது இரும்பு இல்ல. எவர்சில்வராம்."

அந்தோணி சிரித்தார். "யாரு சொன்னது? எவர்சில்வர்ல காந்தம் ஒட்டாதும்மா."

"இதுல ஒட்டுமாம்."

அவர் எழுந்து போனார். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த வேளாங்கண்ணி மாதா படக் காந்தத்தைப் பிய்த்தெடுத்தார். மெர்சியின் பையிலிருந்து கம்பித் துண்டை எடுத்து மாதாவை அதன் மேல் வைத்தார். டக்கென்று ஒட்டிக்கொண்டது. "பாரு! ஒட்டுது பாரு!" என்று மகளிடம் நீட்டினார். எடுத்து மறுபடி வைத்தார். மறுபடி ஒட்டியது. "இத்தினி வருசம் இதத்தான் பண்றேன், எனக்குத் தெரியாதா?"

"ஒட்டும் நைனா! ஒட்டுனாலும் அது இரும்பு இல்ல! அதுல கீறது பூரா குரோமியம்! நான் பாத்த கோடு, எழுதுன புக்கு, எல்லாம் பூட்டுச்சு!" மெர்சி கத்திவிட்டாள். கத்தியது பக்கத்து வீடுவரை கேட்டிருக்கும். அந்தோணி கம்பியைப் பிடித்தபடியே நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "உன் மேல தப்பு இல்ல நைனா. நான் படிச்சவ. நான் பாத்திருக்கணும்," என்றாள். அந்தப் பேச்சு அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் பூசைக்குப் போகவில்லை. போனால் வாழ்த்துவார்கள். கங்கம்மா கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு, யாரோ கூப்பிட்டதற்கு, தலைவலி என்று உள்ளேயிருந்தே சொன்னாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் மெர்சி நந்தினி மேடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் மெயில் எழுதினாள். கம்பி சுத்த இரும்பு அல்ல, முடிவு தவறு, ஆய்வேட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எழுத அதிகம் ஒன்றும் இருக்கவில்லை. அனுப்பிய சற்று நேரத்தில் நந்தினி மேடம் கூப்பிட்டார்.

"நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் மெர்சி. நானும் பச்சையைப் பார்க்கச் சொல்லலையே," என்றார். பிறகு, "காலேஜ்ல பேசிப் பார்க்கறேன், ஆனா நம்பிக்கை வெச்சுக்காதே," என்றார். மெர்சி வைத்துக்கொள்ளவில்லை.

அன்று மாலை அந்தோணி வேலை முடிந்து வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தார். செருப்பைக் கழற்றும்போதே சட்டைக்குள் கைவிட்டு, பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்தார். ஆலையின் முத்திரையோடு அச்சடித்த ரிப்போர்ட். மெர்சியின் பெயர். இரும்பு தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது.

"துளசிராமன் சாராண்ட கேட்டு வாங்கினு வந்தேன்," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "அவரு சனிக்கெழமயே குடுக்கிறேன்னாராம், நீதான் வேணான்னியாம். உனுக்குக் கேக்க வராது, எனக்குத் தெரியும். அதான் நான் கேட்டேன். மொதல்ல யோசிச்சாரு. கைய புடிச்சினு கேட்டேன். குடுத்துட்டாரு."

ஒரு கம்பிக்கு கேட் பாஸ் வாங்கிய மனுஷன்! தன்னைவிடச் சின்னவர் கையைப் பிடித்துக் கெஞ்சி, பொய்க் காகிதத்தைச் சட்டைக்குள் ஒளித்து, அதே கேட்டைத் தாண்டி வந்திருக்கிறார். மெர்சிக்குப் பட்டம் போனது வலித்ததைவிட இது அதிகமாக வலித்தது.

"நைனா, காலையிலயே மெயில் போட்டுட்டேன்."

"இன்னான்னு?"

"தப்பாயிடுச்சு, வேணாம்னு."

"திருப்பி வாங்க முடியாதா?"

"முடியாது நைனா."

அந்தோணி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கவரோடு மடித்துச் சட்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். கங்கம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், அவர் குடிக்கவில்லை. கம்பித் துண்டு சனிக்கிழமை வைத்த இடத்திலேயே டிவி மேல் கிடந்தது. மாதா படம் அதில் ஒட்டியபடியே இருந்தது, அதை எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை.

"அப்ப அந்தக் கோடு பொய்யா?" என்று கேட்டார்.

"கோடு நெஜந்தான் நைனா. சூரியன்ல அது கீது. எல்லாரும் மொதல்லயே சொன்ன கோடுதான். நான் ஒருத்திதான் இல்லன்னுட்டு இருந்தேன்."

வெளியே ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் பைக்குகளை நிறுத்தும் சத்தம் கேட்டது. கடைசியில் அந்தோணி கேட்டார், "நான் அன்னிக்கு அந்தக் குப்பையில துருப்புடிச்சுக் கெடந்ததுல ஒண்ணு எடுத்தாந்து குடுத்திருந்தா?"

மெர்சிக்குப் பதில் தெரியும். அந்தக் குவியலில் துருவேறி உதிர்ந்துகொண்டிருந்த எந்தக் கம்பியை எடுத்திருந்தாலும், கோடு முதல் நாளே இல்லையென்று தெரிந்திருக்கும். அவள் அப்போதே அதை விட்டுவிட்டு வேறு எதையாவது படித்திருப்பாள், இந்நேரம் பட்டம் வாங்கியும் இருப்பாள். அத்தனை கம்பிகளில் அது ஒன்றுதான் தப்பு. அதைத்தான் அவர் ஒரு வாரம் தேடி எடுத்து, துடைத்து, கொண்டு வந்து கொடுத்தார்.

"எதக் குடுத்திருந்தாலும் இதேதான் நைனா ஆயிருக்கும்," என்றாள் மெர்சி.

அவர் மெதுவாகத் தலையாட்டிவிட்டுத் தண்ணீரை எடுத்துக் குடித்தார். அந்தக் கம்பி விஷயத்தில் அவள் சொன்ன ஒரே பொய் அதுதான்.